சுக்கான் பிடித்தவள்

தமிழ்ச் சங்கச் செயலாளர் குருமூர்த்தி தொலைபேசியில் கூப்பிட்டபோது, ரஞ்சனா ஹவுரா படித்துறையில் கட்டிக் கிடந்த லாஞ்சின் மேல்தளத்தில் உட்கார்ந்து காகிதப் பொட்டலத்திலிருந்து பொரி தின்றுகொண்டிருந்தாள். அடுத்த சவாரிக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. கீழே ஜனங்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

பொங்கல் விழாவில் இந்த வருஷம் புதிதாக ஒன்று செய்யப் போகிறோம் என்றார் குருமூர்த்தி. வருஷா வருஷம் பக்தர்கள் சரித்திரமே சொல்லி அலுத்துவிட்டது. இந்தத் தடவை நம்மிடையே வாழும் ஒரு பெண்ணின் கதையைப் பாட்டும் வசனமுமாக மேடையில் சொல்லலாம் என்று கமிட்டியில் முடிவாகியிருக்கிறது. ஹூக்ளி நதியில் பயணிகள் லாஞ்சை ஓட்டும் முதல் தமிழ்ப்பெண் அவள்தானே, ஆகவே அவள் கதை. சொல்லப் போகிறவர் விஜயலக்ஷ்மி மாமி.

ரஞ்சனா பொரியை விழுங்கிவிட்டுக் கேட்டாள்: "அதெல்லாம் செத்துப்போனவங்களுக்குத்தானே சார் செய்வாங்க?"

குருமூர்த்தி பலமாகச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டு எழுந்து சுக்கான் அறைக்குள் போனாள். முடியாது என்று சொல்லலாம்தான். ஆனால் முடியாது என்றால் காரணம் சொல்ல வேண்டும், அவர் சமாதானம் சொல்வார், அதற்குப் பதில் சொல்ல வேண்டும். அவ்வளவு பேச அன்றைக்கு அவளுக்குத் தெம்பு இல்லை.

அவளுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. லாஞ்ச் ஓட்டுகிறவரைக் கொல்கத்தாவில் சாரங் என்பார்கள். அவள் சாரங் ஆகி ஏழு வருஷங்களாகியிருந்தன.

விஜயலக்ஷ்மி மாமி அந்த வாரமே வந்துவிட்டார். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், கரியாஹாட் பக்கம் குடியிருப்பவர். நவராத்திரிக்கும் ராம நவமிக்கும் கோயிலில் கதை சொல்லிப் பாடிப் பழக்கம். முழங்கால் வலியோடு லாஞ்சின் இரும்பு ஏணியில் ஒவ்வொரு படியாக ஏறி, சுக்கான் அறையின் ஓரத்தில் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். அக்கரைக்கும் இக்கரைக்குமாக மூன்று தடவை கூடவே போய் வந்தார். கைபேசியில் பதிவு செய்தபடி கேள்விகள் கேட்டார். பயமாக இல்லையா? ஆண்கள் என்ன சொன்னார்கள்? முதல் நாள் மனசு எப்படி இருந்தது?

ரஞ்சனா பதில் சொன்னாள். நதி எனக்குத் தாய் மாதிரி, என்றாள். சக்கரத்தைப் பிடித்தால் பயம் போய்விடும், என்றாள். பெண்கள் எதையும் சாதிக்க முடியும், என்றாள். கண்கள் தண்ணீர்மேல் இருந்தன, வாய் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போயிற்று.

மூன்றாவது தடவை ஹவுராவுக்குத் திரும்பி வந்தபோது மாமி கைபேசியை அணைத்துப் பைக்குள் போட்டார்.

"நீ பேப்பர்காராளுக்குச் சொன்னதையே எனக்கும் சொல்றே. அது எனக்கு வேண்டாம்மா. உனக்கு லீவு என்னிக்கு? ஆத்துக்கு வரேன்."

அப்படித்தான் மாமி டாக்குரியாவுக்குப் போனார். ரயில் நிலையத்துக்குப் பின்னால், வண்டி போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி அதிரும் இரண்டு அறை வீடு. ரஞ்சனாவும் அம்மாவும் மட்டும். ரஞ்சனா வழக்கம்போல லீவு நாளில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஆகவே முதலில் பேசியது அம்மாதான்.

அம்மாவும் அப்பாவும் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர்கள். அப்பா மணிவேல் கல்கத்தா துறைமுகத்தில் கப்பல்களின் கயிற்றைக் கட்டும் லாஞ்சில் வேலைக்கு வந்தார். கிதிர்பூரில் துறைமுகக் குடியிருப்பில் வீடு. ரஞ்சனா அங்கேதான் பிறந்தாள். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அப்பா அவளைச் சில சமயம் லாஞ்சில் ஏற்றிக்கொண்டு போவார். அதைத் தவிர அவளுக்கு நதியோடு விசேஷமான சொந்தம் ஒன்றும் கிடையாது. கல்லூரியில் வணிகவியல் படித்தாள். இரண்டாவது வருஷத்தில் அப்பா ஒரு மத்தியான வேளையில் மார்வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. குடியிருப்பைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. வாரிசுக்கு வேலை தருவோம் என்றார்கள். அந்த வேலை வரவே இல்லை.

"எதுக்கு இந்த வேலைக்குப் போனான்னு எல்லாரும் கேக்காவ," என்றாள் அம்மா. "ஆசப்பட்டுப் போனான்னு பேப்பர்ல போட்டாவ. வீட்ல அரிசி இல்லாமப் போனா. அத யாரும் போடல."

அப்பாவுடைய சிநேகிதர் ஒருவர், படகு நிறுவனத்தில் கயிறு போடுகிற லஸ்கர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்லியிருந்தார். அவர் சொன்னது ரஞ்சனாவின் சித்தப்பா மகனுக்காக. அவன் வெயிலில் நிற்க மாட்டேன் என்றான். ரஞ்சனா போய் நின்றாள். மேலாளர் சிரித்தார். வேறு ஆள் வராததால் எடுத்துக்கொண்டார்.

லஸ்கராக நான்கு வருஷம். லாஞ்ச் துறையை நெருங்கும்போது கனமான ஈரக்கயிற்றை வீசி, ஆட்கள் இறங்கும் மிதவையின் இரும்புக் கட்டையில் மாட்ட வேண்டும். உள்ளங்கை தோல் உரிந்து, காய்ந்து, மறுபடி உரிந்தது. கூட வேலை செய்தவர்களில் நரேன்-தா என்ற ஐம்பது வயதுக்காரர் ஒருவர் மட்டும் அவளைக் கேலி செய்யவில்லை. மற்றவர்கள் ஒரு வருஷம் கேலி செய்துவிட்டு அவர்களும் சலித்துப்போனார்கள். சாரங்குக்குக் கயிற்றுக்காரனைவிடச் சம்பளம் அதிகம், கைத்தோலும் மிஞ்சும். அதனால் பரீட்சை எழுதினாள். எழுதித் தேறியவள் பெண் என்பது அதற்கு அப்புறம்தான் நிறுவனத்தின் கண்ணில் பட்டது. பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, சுக்கான் சக்கரத்தைப் பிடித்தபடி அவளைப் படம் எடுக்க வைத்தார்கள். அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து ஹவுரா துறையின் வாசலில் மாட்டினார்கள்.

துணிகளை உலர்த்திவிட்டு வந்த ரஞ்சனா, அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். விஜயலக்ஷ்மி மாமி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, உடம்புக்கு என்ன என்று கேட்டார். அது பேட்டிக்காகக் கேட்ட கேள்வி இல்லை. அதனாலோ என்னவோ அவள் சொன்னாள்.

லாஞ்சில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. துறைகளிலும் ஊழியர்களுக்கு என்று இருப்பது ஆண்களுக்கானது மட்டுமே. ஆகவே வேலை நாளில் அவள் தண்ணீர் குடிப்பதில்லை. வெயில் காலத்திலும் குடிப்பதில்லை. இரண்டு தடவை சிறுநீரில் தொற்று வந்து காய்ச்சலில் கிடந்தாள். கேட்டுக் கேட்டுப் பார்த்தாகிவிட்டது. அடுத்த பட்ஜெட்டில் என்றார்கள், படத்தை மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை புதிதாக அச்சடித்தார்கள். காலை ஷிஃப்ட் என்றால் விடியும் முன் டாக்குரியாவில் முதல் ரயில், சியால்தாவில் இறங்கி ஹவுராவுக்குப் பஸ். கல்யாணம் பேச வந்தவர்களில் இரண்டு பேர் பத்திரிகைப் படத்தைப் பார்த்து ஆசையாக வந்தார்கள். இரண்டு பேரும், கல்யாணத்துக்கு அப்புறம் வேலையை விட்டுவிடுவாள் அல்லவா என்றார்கள். அப்போது விட மாட்டேன் என்றாள்.

"இப்போ கேட்டா?" என்றார் மாமி.

"இப்ப யாரும் கேக்குறதில்ல மாமி."

அம்மா எழுந்து டீ போடப் போனாள். ரயில் ஒன்று போய் ஜன்னல் அதிர்ந்து அடங்கியது. அதற்குப் பிறகு ரஞ்சனா தானாகவே மற்றதையும் சொன்னாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், காளி பூஜை முடிந்த வாரம். வேலை முடிந்து வீடு திரும்பும் கூட்டம். ஆற்று நீர் கடலை நோக்கி வடியும் வற்றம் இழுத்துக்கொண்டிருந்தது. வற்றம் பலமாக இருக்கும்போது லாஞ்சை எதிர்நீரில் திருப்பி, மெல்ல மெல்ல மிதவையோடு ஒட்ட வேண்டும். வடக்கே ஒரு சின்னத் துறையில் அப்படித்தான் ஒட்டினாள். நரேன்-தா கயிற்றை வீசினார், அது சரியாகக் கட்டையில் விழுந்தது. இழுவை வந்ததும் கயிறு அறுந்தது. பழைய கயிறு. மாற்றித் தரச் சொல்லி நரேன்-தாவும் அவளும் இரண்டு தடவை கேட்டிருந்தார்கள். லாஞ்சின் பின்பக்கம் விலகிச் சுழன்று மறுபடி மிதவையில் மோதியது. கட்டி முடிப்பதற்குள் குதித்து இறங்குவது இங்கே எல்லோருக்கும் பழக்கம். அப்படி ஒரு காலை வெளியே நீட்டியிருந்தார் ஒருவர். ஹவுராவில் ஒரு சின்னப் பட்டறையில் கடைசல் வேலை செய்பவர். நடுவில் சிக்கிய கணுக்கால் நொறுங்கிப்போயிற்று.

யாரோ கைபேசியில் படம் எடுத்துப் போட்டார்கள். பெண் சாரங் ஓட்டினால் இப்படித்தான் ஆகும் என்று அதன் கீழே எழுதினார்கள். பத்திரிகைகளும் அதையே கொஞ்சம் நாகரிகமாக எழுதின. விசாரணை முடியும்வரை அவளைச் சுக்கானிலிருந்து இறக்கினார்கள். துறை வாசலில் இருந்த படத்தை அன்றிரவே கழற்றினார்கள். மூன்று மாதம் கழித்து, கயிறுதான் காரணம், சாரங் மீது தவறில்லை என்று விசாரணையில் முடிவாயிற்று. அவள் மறுபடி சக்கரத்தைப் பிடித்தாள். அந்த முடிவை ஒரு பத்திரிகையும் போடவில்லை. ஆறு மாதம் போனதும் யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று படத்தைத் திரும்ப மாட்டினார்கள்.

"கால் நொறுங்கினவர் இப்பவும் லாஞ்ச்லதான் போறாரு," என்றாள் ரஞ்சனா. "கையில கம்பு. ஏறதுக்கு முன்னாடி மேல பார்ப்பாரு, யாரு சாரங்னு. நான் இருந்தேன்னா ஏற மாட்டாரு. அடுத்த லாஞ்சுக்குக் காத்துக்கிட்டு நிப்பாரு. மழையா இருந்தாலும் நிப்பாரு. அவர் மேல தப்பு இல்ல மாமி. ஆனா தெனமும் ஒரு ஆளு நம்மளப் பார்த்துட்டு அப்படி நின்னா..."

அம்மா டீயைக் கொண்டுவந்து வைத்தாள்.

மாமி அன்றைக்கு வீட்டுக்குப் போய் எதையும் எழுதவில்லை. மறுநாளும் எழுதவில்லை. மூன்றாம் நாள் உட்கார்ந்து, கயிறு அறுந்தது, கால் நொறுங்கியது, மனிதர் மழையில் நிற்பது வரை எல்லாவற்றையும் வைத்துக் கதையைக் கட்டினார். ஒத்திகையைக் கேட்க வந்த குருமூர்த்தி பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மாமி, நல்ல நாள்ல ரத்தமும் காயமும் எதுக்கு? குழந்தைகள்லாம் வருவா. நமக்கு வேண்டியது ஒரு சாதனைக் கதை. முதல் பெண், பரீட்சை, பத்திரிகை, பாராட்டு. அதோட முடிச்சுடலாமே."

குருமூர்த்தி கெட்டவர் அல்ல. சின்ன உத்தியோகத்தில் சேர்ந்து மத்திய அரசில் மேலே வந்தவர். கஷ்டங்களைப் பற்றி மேடையில் பேசுவது மரியாதைக் குறைவு என்று மனதார நம்பினார். மாமி கொஞ்சம் வாதாடிப் பார்த்தார். பிறகு, முப்பது வருஷம் வங்கியில் பாதி சம்மதத்தோடு எத்தனையோ தாள்களில் கையெழுத்துப் போட்ட பழக்கத்தில், இதற்கும் சரி என்றார். அந்தப் பகுதியை எடுத்துவிட்டு அங்கே ஒரு பாட்டைப் போட்டார். ரஞ்சனாவுக்கும் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னார்.

"பரவால்ல மாமி," என்றாள் ரஞ்சனா. "எனக்கு அது புதுசு இல்ல."

பொங்கல் விழா ஞாயிற்றுக்கிழமை மாலை. ரஞ்சனாவுக்கு அன்று காலை ஷிஃப்ட். மாற்றிக் கேட்டாள், கங்காசாகரில் நீராடப் போன கூட்டம் திரும்புகிற சமயம், ஆள் இல்லை என்றார்கள். பனிமூட்டத்தில் காலை முழுக்கக் கண்ணை இடுக்கிக்கொண்டு ஓட்டினாள். பதிலுக்கு வர வேண்டிய சாரங் தாமதமாக வந்ததால் இரண்டு சவாரி கூடுதலாகப் போய்விட்டு, நேராக மண்டபத்துக்கு வந்தாள். அம்மா கொண்டுவந்திருந்த பட்டுப்புடவையை மண்டபத்துக் குளியலறையில் மாற்றிக்கொண்டாள். முன் வரிசையில் சோபாவில் உட்கார வைத்தார்கள். மெத்தென்ற சோபா. உள்ளே கதகதப்பாக இருந்தது.

விஜயலக்ஷ்மி மாமி மயில்கழுத்து நிறப் புடவையில் மேடைக்கு வந்தார். ஒரு பக்கம் மிருதங்கம், ஒரு பக்கம் வயலின். கொல்கத்தாவின் தமிழர்களில் பாதிப்பேர் வந்திருந்த மாதிரி இருந்தது. வங்கி, துறைமுகம், ராணுவம், மத்திய அரசு எனப் பல உத்தியோகக் குடும்பங்கள். பின் வரிசைகளில் பிள்ளைகள் வங்க மொழியில் பேசிக்கொண்டிருந்தார்கள். மாமி, ஹூக்ளியாக ஓடும் கங்கையை வணங்கித் தொடங்கி, கடற்கரை ஊரிலிருந்து மணிவேல் புறப்பட்டதைச் சொல்லி, மெதுவான ராகத்தில் பாடினார்.

கடற்கரை விட்டு வந்தான் – மணிவேல்
கங்கைக் கரை அடைந்தான்;
மடியினில் பெண்குழந்தை – அதற்கு
மாநதி தாலாட்டு.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா பெயரை ஒரு மேடையில் யாரோ பாடுவதைக் கேட்க ரஞ்சனாவுக்கும் என்னவோ போல் இருந்தது. நன்றாகக் கேட்க வேண்டும் என்று நினைத்தாள். இரண்டாவது முறை அதே அடி வந்தபோது கண்ணை ஒரு நிமிஷம் மூடினாள். அப்புறம் அவளுக்கு ஒன்றும் தெரியாது.

தலை மெல்லச் சாய்ந்து அம்மாவின் தோளில் விழுந்தது. அம்மா அசையாமல் இருந்தாள். எழுப்ப மனம் வரவில்லை.

மேடையில் கதை போய்க்கொண்டிருந்தது. அப்பா இறந்தார், மகள் கயிறு பிடித்தாள், கேலி செய்தவர்கள் வாய் மூடினார்கள், பரீட்சையில் தேறினாள். மேடை விளக்கு கண்ணில் அடித்ததால் முன் வரிசை மாமிக்குச் சரியாகத் தெரியவில்லை. மிருதங்கம் வேகமெடுத்தது. விபத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைத்திருந்த பாட்டு வந்தது.

கண்ணயர மாட்டாள் – இவள்
களைப்பறிய மாட்டாள்;
புண்ணிய கங்கையிலே – சுக்கான்
பிடித்த பெண்சிங்கம்!

மண்டபத்தில் ஒரு சிரிப்பு கிளம்பியது. முதலில் இடது பக்கத்தில், பிறகு பின்னால் பரவியது. மாமிக்குப் புரியவில்லை. பாடிக்கொண்டே கையை நெற்றிமேல் வைத்துப் பார்த்தார். வாய் கொஞ்சம் திறந்து, கை மடியிலிருந்து நழுவித் தொங்க, ரஞ்சனா உறங்கிக்கொண்டிருந்தாள். அம்மா அவள் கையை எடுத்து மடியில் வைத்தாள். அது மறுபடி சரிந்தது.

மாமி பாட்டை நிறுத்தினார். மிருதங்கம் இரண்டு அடி கூடப் போய் நின்றது. சிரித்தவர்களும் நிறுத்தினார்கள்.

"இந்தப் பாட்டு தப்பு," என்றார் மாமி. ஒலிபெருக்கியில் அவர் குரல் சின்னதாகக் கேட்டது. "நான் கட்டினதுதான். ஆனாலும் தப்பு. இந்தப் பொண்ணு ரொம்பக் களைச்சுப் போயிருக்கா. ஏன்னு சொல்றேன். சத்தம் போடாமக் கேளுங்கோ, தூங்கறா."

பிறகு பாடவே இல்லை. வயலின்காரருக்குச் சைகை காட்டி வில்லை இறக்கச் சொன்னார். டாக்குரியா வீட்டில் கேட்டதை, கேட்டபடி, தாழ்ந்த குரலில் சொன்னார். விடிகாலை ரயிலைச் சொன்னார். தண்ணீர் குடிக்காத வெயில் நாட்களைச் சொன்னார். பெண்கள் பக்கத்தில் யாரோ "அடக் கஷ்டமே" என்று மெல்லச் சொன்னது கேட்டது. கயிறு கேட்டதையும் தராததையும் சொன்னார். கணுக்காலைச் சொன்னார். மேலே பார்த்துவிட்டு அடுத்த லாஞ்சுக்குக் காத்து நிற்கும் மனிதரைச் சொல்ல வந்த இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"அவருக்குக் கால் போச்சு. அவர் பயப்படறதுல தப்பில்லேன்னு இவளே சொல்றா. இவ மேல தப்பில்லேன்னு விசாரணையில சொல்லிட்டா. ரெண்டு பேர் மேலயும் தப்பில்லே. ஆனா தினம் ரெண்டு பேரும்தான் அனுபவிக்கறா. இதுக்கு மேல கதை இப்போதைக்கு இல்லே. மங்களம் பாடப் போறதில்லே, மன்னிக்கணும்."

கை தட்டலாமா என்று யாருக்கும் தெரியவில்லை. ஓரத்தில் நின்றிருந்த குருமூர்த்திதான் முதலில் தட்டினார், நிகழ்ச்சியை மேலே நடத்தியாக வேண்டுமே என்று. அந்தச் சத்தத்தில் ரஞ்சனா விழித்து, துறை வந்துவிட்டதோ என்பது போல நிமிர்ந்து உட்கார்ந்தாள். மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

"தூங்கிட்டேன். மன்னிச்சிருங்க," என்றாள். "காலைல ஷிஃப்ட். மாமி என்ன சொன்னாங்கன்னு அம்மாகிட்ட கேட்டுக்கிறேன்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அது ஏன் என்று அவளுக்கு விளங்கவில்லை. கீழே இறங்கியபோது முன்பின் தெரியாத ஒரு வயதான அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, சாப்பாட்டுப் பந்தி வரை கூட்டிக்கொண்டு போனார்.

பந்தி நடக்கும்போது குருமூர்த்தி மாமியிடம் வந்தார். கோபமாக இல்லை, சோர்வாகத்தான் இருந்தார். கமிட்டியில் இரண்டு பேர் வருத்தப்படுகிறார்கள் என்றார். மாமி முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, அடுத்த வருஷம் வேறு யாரையாவது சொல்லச் சொல்லுங்கள் என்றார். குருமூர்த்தி, படகு நிறுவனத்தில் தனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார், அந்தக் கழிப்பறை விஷயத்தைக் கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, மோர் பரிமாறும் இடத்துக்குப் போனார். கேட்டாரா என்று தெரியாது. அந்த வருஷம் ஒன்றும் கட்டப்படவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் ஆட்டோவில் ரஞ்சனா கேட்டாள், என்னதான் சொன்னார்கள் என்று.

"எல்லாத்தையும் சொல்லிட்டாவ," என்றாள் அம்மா.

"கால் ஒடிஞ்சதையுமா?"

"அதையுந்தான். அந்த மனுசன் மழையில நிக்கதையும் சொன்னாவ."

"ஆளுங்க என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. சும்மா கேட்டுட்டு இருந்தாவ."

ரஞ்சனா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அழுகை வருமோ என்று காத்திருந்தாள், வரவில்லை. நெஞ்சில் இருந்தது இறங்கிவிட்ட மாதிரியும் இல்லை. சில நூறு பேருக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். மறுநாளும் காலை ஷிஃப்ட். சால்வையை மடித்து அம்மாவின் பைக்குள் வைத்தாள். வீட்டு வாசலில் இறங்கும்போது மட்டும், "நாம இந்த வேலைய விட்டுரலாமாம்மா?" என்றாள்.

அம்மா சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள். "ஒனக்கு முடியலன்னா விட்ரு. நான் என்னைக்காவது கேட்டேனா," என்றாள்.

அப்படிச் சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது போலும். இருந்தாலும் உடனே விட்டுவிடவில்லை. கோடை முழுக்க ஓட்டினாள். மழைக் காலம் தொடங்கியதும், கரை வேலைக்கு மாற்றிவிடும்படி மேலாளரிடம் கேட்டாள். அவர் அதிர்ந்துபோனார். படம் வாசலில் தொங்குகிறதே, முதல் பெண் இறங்கிவிட்டாள் என்றால் எப்படி இருக்கும் என்றார். இன்னும் ஒரு வருஷம் பார் என்றார். மற்றப் பெண்களுக்கு நீதானே வழி காட்ட வேண்டும் என்றார். அவள் எதற்கும் எதிர்த்துப் பேசவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்ததை மேசைமேல் வைத்துவிட்டு நின்றாள். அவர் பேசி முடிக்கும்வரை நின்றாள். பேசி முடித்த பிறகும் நின்றாள். கடைசியில் அவருக்குத்தான் அலுத்துப்போயிற்று.

லாஞ்சுகளின் நேரத்தைக் கவனிக்கும் அலுவலகத்தில், பகல் வேலை கிடைத்தது. சம்பளம் கொஞ்சம் குறைவு. நதியைப் பார்த்த ஜன்னல் ஒன்று இருந்தது. முதல் சில நாள் அவள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பிறகு வெளிச்சத்துக்காக நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். நரேன்-தா மட்டும் எப்போதாவது உள்ளே வந்து, இன்றைக்கு வற்றம் எப்படி, யார் எப்படி ஒட்டினார்கள் என்று சொல்லிவிட்டுப் போவார். அவள் கேட்டுக்கொள்வாள். உனக்குத் திரும்ப ஓட்ட ஆசை இல்லையா என்று அவர் ஒரு தடவை கேட்டார். சில நாள் ஆசை வருகிறது என்றாள்.

சங்கத்தில் சிலர் குறைப்பட்டுக்கொண்டார்கள். இவ்வளவு கஷ்டப்பட்டு மேலே வந்தவள் இப்படிச் செய்திருக்கக் கூடாது, நாமெல்லாம் பாடியது வீண் என்றார்கள். அவர்கள் யாரும் பாடவில்லை, பாடியது விஜயலக்ஷ்மி மாமி. அவரை ஜாம்ஷெட்பூர்த் தமிழர்கள் நவராத்திரிக்கு அதே கதையைச் சொல்லக் கூப்பிட்டார்கள். போவதற்கு முன் ரஞ்சனாவைத் தொலைபேசியில் அழைத்து, கதையை எப்படி முடிப்பது என்று கேட்டார்.

"அப்புறம் இறங்கிட்டான்னு சொல்லுங்க மாமி."

"அதை எப்படிம்மா பாட்டாக் கட்டறது?"

"பாட்டு வேண்டாம். சும்மா சொல்லுங்க. எட்டு வருஷம் ஓட்டினா, யாரையும் தண்ணியில விடல, அப்புறம் இறங்கிட்டா. அவ்வளவுதானே?"

மாமி அப்படியே சொன்னார். ஜாம்ஷெட்பூரில் ஒரு பெண் எழுந்து, அந்தப் பெண் இப்போது சந்தோஷமாக இருக்கிறாளா என்று கேட்டாளாம். எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றாராம் மாமி. கேட்கவில்லை. அது கேட்கிற கேள்வி இல்லை என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

நவராத்திரி முடிந்த வாரச் சனிக்கிழமை மாலை, ரஞ்சனா அம்மாவைக் கூட்டிக்கொண்டு கரியாஹாட்டுக்குப் போனாள். துர்கா பூஜைக் கூட்டம் வடிந்து, நடைபாதைக் கடைக்காரர்கள் மிச்சச் சரக்கை மலிவாகக் கூவிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலுக்குத் திரைத்துணி வாங்க வேண்டும் என்று அம்மா வெகு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைக்காரன் வங்க மொழியில் விலை சொன்னான், அம்மா பாதித் தமிழும் பாதி வங்க மொழியுமாகப் பாதி விலைக்குக் கேட்டாள். பேரம் நீண்டது. ரஞ்சனா பக்கத்தில் ஒரு துணிக் கட்டின்மேல் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கும் போக வேண்டிய அவசரம் இல்லை.

கடைசியில் அம்மா பச்சையில் ஒன்றும் வெளிர் மஞ்சளில் ஒன்றும் எடுத்து அவள் முன்னால் விரித்துக் காட்டி, எது வேண்டும் என்று கேட்டாள். ரஞ்சனா இரண்டையும் தொட்டுப் பார்த்தாள். மஞ்சளே இருக்கட்டும் என்றாள்.